பிரிட்டன் போஸ்ட்டாக்: வருஷத்துக்கு 10 நாள் பயிற்சி நேரத்தை எப்படி வாங்குவது, எதில் செலவிடுவது?

வேனில்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் போஸ்ட்டாக்குகளுக்காக, அதாவது பிஎச்டி முடித்த ஆய்வாளர்களுக்காக, இந்த இழை. 2019 செப்டம்பரில் திருத்தி வெளியிட்ட ஆய்வாளர் தொழில்வளர்ச்சி உடன்படிக்கையை இங்கே எல்லாரும் கான்கார்டாட் என்றுதான் சொல்வார்கள். பணிச் சூழலும் பண்பாடும், பணி நிலைமை, தொழில்வளர்ச்சி என்று அதில் மூன்று கோட்பாடுகள். கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தொழில்வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது மூன்றாவதில் வருகிறது. பகுதி நேரம் என்றால் அந்த விகிதத்தில்; பாதி நேர வேலைக்கு 5 நாள். இது விடுப்பிலிருந்து கழியக் கூடாது, வேலை நாள்தான்.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பார்ப்பது. கையெழுத்திட்ட இடங்கள் தங்கள் செயல்திட்டத்தை இணையத்தில் பொதுவில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகப் பெயரோடு கான்கார்டாட் என்று தேடினாலே பெரும்பாலும் வந்துவிடும். அந்த ஆவணத்தில் 10 நாள் என்ற வரி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த 10 நாளைக் கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. கேட்டு வாங்கியவர்களிலும் பலர் அதைச் சின்னச் சின்னப் பயிலரங்குகளில் கரைத்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

பனங்காடு

நல்ல இழை. ஒண்டு சேர்க்கிறன். கான்கார்டாட் சட்டம் இல்லை. தரேல்லை எண்டு தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக ஏலாது. ஆனா கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகம் வருஷா வருஷம் தன்ர ஆளுகைக் குழுவுக்கு முன்னேற்ற அறிக்கை குடுக்க வேணும். அதால அங்க இதைக் கவனிக்கிறதுக்கெண்டே ஆக்கள் இருப்பினம். ஆய்வாளர் மேம்பாட்டு அலுவலர் ஒருத்தர், பெரும்பாலும் துறைக்கும் ஒரு பொறுப்பாளர். உங்கட பிஐ, அதாவது திட்டத்தை நடத்திற முதன்மை ஆய்வாளர், முடியாது எண்டால் அடுத்துப் பேச வேண்டியது அவையளோட.

பிஐக்கு "எனக்கு 10 நாள் உரிமை இருக்கு" எண்டு எழுதினால் வேலைக்கு ஆகாது. தேதி போட்டுக் கேளுங்கோ. தேதி இல்லாத கோரிக்கைக்கு "பிறகு பாப்பம்" எண்டுதான் பதில் வரும்.

மருதன்_க்யூ

பனங்காடு அண்ணன் சொன்னதை மடலாகவே போடுகிறேன். நான்கே வாக்கியம் போதும்:

"அடுத்த மூன்று மாதத்தில் என் தொழில்வளர்ச்சிக்கு மூன்று நாள் ஒதுக்க விரும்புகிறேன்: மார்ச் 6, மார்ச் 20, ஏப்ரல் 10. மூன்றுமே வெள்ளி, அந்த நாட்களில் கருவி முன்பதிவு எதுவும் இல்லை. முதல் இரண்டு நாளில் ஃபெலோஷிப் முன்வரைவு எழுதுவேன், மூன்றாவது நாள் துறையின் நேர்காணல் பயிற்சி. இந்தத் தேதிகளில் திட்டத்துக்கு இடையூறு இருந்தால் மாற்றுத் தேதி சொல்லுங்கள்."

கடைசி வாக்கியம் முக்கியம். "தரலாமா வேண்டாமா" என்ற கேள்வி "எந்தத் தேதி" என்று மாறிவிடுகிறது. நேரில் பேசி ஒப்புக்கொண்டாலும் அன்றே இப்படி ஒரு மடல் போட்டுவிடுங்கள். ஆண்டு மதிப்பாய்வுப் படிவத்திலும் அதே தேதிகளை ஏற்றுங்கள். பிஐ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலும் எழுத்தில் இருப்பது நிற்கும்.

ஒரு நுணுக்கம்: டைம்ஷீட் நிரப்ப வேண்டிய மானியத்தில் சம்பளம் வாங்குபவர்கள், இந்த நாட்களை எந்தத் தலைப்பில் பதிவது என்று நிதிப் பிரிவில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். திட்ட நேரம் என்று போட்டுவிட்டு அன்று வேறு வேலை பார்த்ததாகத் தணிக்கையில் தெரிந்தால் சிக்கல் பிஐக்கும்தான்.

தாமரை_விரிவுரை

பயிலரங்குகள் நஷ்டம் என்பதை நான் ஏற்கவில்லை, வேனில். கற்பித்தல் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு உயர்கல்விக் கற்பித்தலை அங்கீகரிக்கும் அமைப்பான அட்வான்ஸ் ஹெச்ஈயின் அசோசியேட் ஃபெலோ தகுதி, அதாவது ஏஎஃப்ஹெச்ஈஏ, உண்மையிலேயே பயன்படும். விரிவுரையாளர் விளம்பரங்களில் 'விரும்பத்தக்கது' பட்டியலில் இந்தத் தகுதி அடிக்கடி வருகிறது. முழுப் பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை. ஆய்வகச் செய்முறை வகுப்பு, டுட்டோரியல், திருத்தும் பணி இவற்றை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

அங்கீகாரம் பெற்ற உள்வட்டத் திட்டம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால், பணியில் இருக்கும்போது பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் சொந்தக் காசு. அதனால் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சேர்க்கை நடக்கும், அதிலும் இடம் நிறைந்துவிடும்.

எழுதும்போது எல்லாரும் வழுக்குவது ஒரே இடத்தில்: என்ன நடத்தினேன் என்று பட்டியல் போடுவார்கள், ஏன் அப்படி நடத்தினேன் என்று எழுத மாட்டார்கள். "செய்முறை வகுப்பில் 20 மாணவர்களைக் கவனித்தேன்" என்பதற்கு மதிப்பில்லை. "அளவுத்திருத்தக் கோடு போடுவதில் பாதிப் பேர் அலகுகளைக் குழப்பினார்கள்; அதனால் வகுப்புக்கு முன் ஐந்து நிமிடக் கணக்கு ஒன்று கொடுத்தேன்; அடுத்த வாரத் தாள்களில் அந்தப் பிழை குறைந்தது" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்குப் பிடிக்க ஒரு பிடிமானம் கிடைக்கும்.

வேனில்

தாமரை, நீங்கள் சொல்வது கைக்கு ஒரு சான்று கிடைக்கும் பயிற்சி. அதற்கு நான் எதிரி இல்லை. "நேர மேலாண்மை", "மீள்திறன்" என்று இரண்டு மணி நேர அமர்வுகளில் உட்கார்ந்துவிட்டு 10 நாள் முடிந்தது என்று கணக்குக் காட்டுவதைத்தான் சொன்னேன். நாள் முடியும்போது கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: ஒரு வரைவு, ஒரு சான்றிதழ், ஒரு நிரல், ஒரு தொடர்பு.

திட்ட முடிவுகளை மாநாட்டில் வாசிப்பதை இந்த 10 நாளில் சேர்க்க விடாதீர்கள். அது உங்கள் வேலையின் பகுதி. சில குழுக்களில் வருஷத்துக்கு இரண்டு மாநாட்டுக்கு அனுப்பிவிட்டு "பயிற்சி நாள் தீர்ந்தது" என்பார்கள். அந்த மாநாட்டிலேயே தனியாக நடக்கும் பயிற்சி அமர்வு என்றால் அது வேறு.

ஓடைக்கரை

ஃபெலோஷிப் (உங்கள் பெயரிலேயே வாங்கும் ஆய்வு நிதி) போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: பயிற்சியைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் கடிகாரத்தை, அதாவது விண்ணப்பிக்க எத்தனை ஆண்டு மிச்சம் என்று, பாருங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு தேதியிலிருந்து எண்ணுகிறது.

லீவர்ஹல்ம் ஏர்லி கரியர்: வைவா (பிஎச்டி வாய்மொழித் தேர்வு) முடிந்து நான்கு ஆண்டுக்குள். சம்பளத்தில் பாதியைப் பல்கலைக்கழகம் போட வேண்டும், அதனால் உள்ளே ஒரு தேர்வு கட்டாயம் இருக்கும். பிரிட்டிஷ் அகாடமி போஸ்ட்டாக்டோரல்: கலைத்துறைகள் (மொழி, வரலாறு, தத்துவம் போன்றவை), சமூக அறிவியல், வைவாவிலிருந்து மூன்று ஆண்டு. வெல்கம் ஏர்லி கரியர் அவார்டு: பட்ட தேதியைப் பார்ப்பதில்லை, போஸ்ட்டாக் அனுபவம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ராயல் சொசைட்டி யூஆர்எஃப் (யுனிவர்சிட்டி ரிசர்ச் ஃபெலோஷிப்): பிஎச்டிக்குப் பின் மூன்றிலிருந்து எட்டு ஆண்டு அனுபவம். பிரிட்டன் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐயின் ஃபியூச்சர் லீடர்ஸுக்கு ஆண்டுக் கணக்கே இல்லை, ஆனால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எத்தனை போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மகப்பேறு, நீண்ட நோய் போன்ற இடைவெளிகளைப் பொதுவாகக் கழித்துக் கணக்கிடுவார்கள். விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே முடிவெடுங்கள்.

மேரி கியூரி போஸ்ட்டாக்டோரலில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. 2024 ஜனவரி முதல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவில் மறுபடி சேர்ந்துவிட்டது, சரி. ஆனால் இடப்பெயர்வு விதிப்படி, விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் நீங்கள் போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. லண்டனில் இரண்டு வருஷமாக இருப்பவர் மான்செஸ்டருக்குப் போடவே முடியாது. பெல்ஜியத்தின் லுவெனுக்கோ டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கோ போடலாம். அதே விதியின்படி சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து நேராக மான்செஸ்டருக்குப் போடலாம், ஊரில் உள்ள தம்பி தங்கைகளிடம் சொல்லுங்கள். பிஎச்டிக்குப் பின் ஆய்வு அனுபவம் எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, அறிவிப்பில் சொன்ன சதவீதத்துக்குக் கீழே மதிப்பெண் வந்தால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு மறுபடி போட முடியாது. "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று அரைகுறையாக அனுப்பினால் அடுத்த வருஷமும் அடிபடும்.

பல்கலைக்கழகத்தின் உள் தேதி நிதியாளரின் கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே முடிந்துவிடும். ஆய்வு அலுவலகத்தின் மடல் பட்டியலில் சேர்ந்துகொள்ளுங்கள். போஸ்ட்டாக்குகள் அந்தப் பட்டியலில் தானாகச் சேர்க்கப்படுவதில்லை.

மருதன்_க்யூ

விவரிப்புச் சிவியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யூகேஆர்ஐ விண்ணப்பங்களில் இப்போது பழைய பாணி சிவி கிடையாது. 'ரெஸ்யூமே ஃபார் ரிசர்ச் அண்ட் இன்னொவேஷன்' அமைப்பில் நான்கு தலைப்புகள்: புதிய கருத்துகள், கருவிகள், அறிவுக்கு உங்கள் பங்கு; மற்றவர்களை வளர்த்தது; ஆய்வுச் சமூகத்துக்குச் செய்தது; பரந்த சமூகத்துக்குச் செய்தது. பல அறிவிப்புகளில் மொத்தம் 1,650 சொல், அதில் 1,150 இந்த நான்குக்கு. குழுவாகப் போட்டால் அந்த 1,150 குழு முழுவதற்கும் சேர்த்துத்தான். இதை மறந்து ஆளுக்கு ஆயிரம் சொல் எழுதிவிட்டுக் கடைசி இரவில் வெட்டுவார்கள்.

இரண்டாவது தலைப்பில்தான் போஸ்ட்டாக்குகள் திணறுவார்கள். இப்படி எழுதுவது வழக்கம்:

"இரண்டு முதுகலை மாணவர்களையும் ஒரு முனைவர் பட்ட மாணவரையும் வழிநடத்தினேன்."

இதையே இப்படி எழுதலாம்:

"செல் படங்களை அளக்கும் நிரலை முதுகலை மாணவர்கள் தாமே இயக்கும்படி ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதி, இரண்டு அமர்வில் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் அதே முறையில் தன் ஆய்வேட்டின் முதன்மைப் படத்தை உருவாக்கினார். குறிப்பு இப்போது குழுவின் புதியவர்களுக்கான தொடக்க ஆவணம்."

சொல் கூடுகிறது, ஆனால் இதில் செயல், விளைவு, சான்று மூன்றும் இருக்கின்றன. மூன்றில் ஒன்று இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். இதழின் தாக்கக் காரணி, எச் குறியீடு என்ற மேற்கோள் எண்ணிக்கை அளவுகள் இரண்டையும் யூகேஆர்ஐ விண்ணப்பத்தில் போடாதீர்கள், அவற்றைத் தவிர்க்கச் சொல்லியே வழிகாட்டுதல் இருக்கிறது.

இதற்கான மூலப்பொருள் கடைசியில் நினைவுக்கு வராது. மாதம் ஒருமுறை ஒரு கோப்பில் நான்கு தலைப்பின் கீழும் ஓரிரு வரி எழுதிவையுங்கள். யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், எந்த இதழுக்கு மதிப்பாய்வு செய்தீர்கள், எந்தத் தரவைப் பொதுவில் வைத்தீர்கள் என்று.

நெய்தல்

கேள்வி: கல்வித்துறைக்கு வெளியே போக நினைக்கும் ஒருவர், பிஐயிடம் அதைச் சொல்லாமல் இந்த 10 நாளைப் பயன்படுத்த முடியுமா? சொன்னால் திட்டத்தில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு.

வேனில்

முடியும், நெய்தல். எந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்று காரணம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கல்வித்துறைக்கு வெளியிலான வேலைகளுக்கும் ஆய்வாளர்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று கான்கார்டாட்டே சொல்கிறது. மடலில் "தரவு அறிவியல் பயிற்சி", "திட்ட மேலாண்மைப் பயிற்சி" என்று எழுதினால் போதும்.

பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையத்தில் ஆய்வாளர்களுக்கென்றே ஓர் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவரோடு பேசுவது பிஐக்குப் போகாது. இல்லாத இடத்தில் லிவர்பூல் பல்கலைக்கழகம் முன்னின்று, மான்செஸ்டரும் லான்காஸ்டரும் சேர்ந்து செய்த ப்ராஸ்பர் என்ற தொழில் வழிகாட்டித் தளம் இருக்கிறது. போஸ்ட்டாக்குகளை மனதில் வைத்தே செய்தது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அறிவியல் துறையினருக்கு மைஐடிபி, கலை, சமூக அறிவியல் துறையினருக்கு இமாஜின்பிஎச்டி. இரண்டும் தொழில் திட்டமிட உதவும் அமெரிக்கத் தளங்கள், சம்பளம் விசா பற்றிய தகவல் நமக்குப் பொருந்தாது. திறன் மதிப்பீட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழில்துறைக்கு அனுப்பும் சிவி இரண்டு பக்கம். வெளியீடுகள் ஒரே வரி. திட்டத்தின் பெயரைவிட நீங்கள் இயக்கிய கருவி, எழுதிய நிரல், கையாண்ட பட்ஜெட் முன்னால் வரட்டும். கல்வித்துறைச் சிவியைச் சுருக்கி இதைச் செய்யாதீர்கள், வெற்றுத் தாளில் தொடங்குங்கள். சுருக்கினால் வரிசை பழையபடியே நிற்கும்: படிப்பு, கட்டுரை, மாநாடு. வேலைக்கு எடுப்பவர் தேடும் விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கும்.

அதே போல, நீங்கள் போக நினைக்கும் வேலையில் இப்போது இருப்பவர் யாரையாவது பிடித்து 20 நிமிடம் பேசுங்கள். வேலை கேட்காதீர்கள். "உங்கள் வாரத்தில் எந்த வேலைக்கு அதிக நேரம் போகிறது, ஆள் எடுக்கும்போது முதலில் எதைப் பார்க்கிறீர்கள்" என்று இரண்டு கேள்வி போதும். ஊர்க்காரர் என்ற ஒரே நூலை வைத்து லிங்க்டுஇன்னில் எழுதினால்கூடப் பதில் போடுபவர்கள் உண்டு.

பனங்காடு

இப்ப கஷ்டமான பகுதி, ஒப்பந்தம் முடியிற நேரம். பயிற்சியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இது தெரியாட்டில் எல்லாம் வீண்.

ஒண்டு. 2002 ஆம் ஆண்டு நிலைக்கால (முடிவுத் தேதி போட்ட ஒப்பந்தத்தில வேலை செய்யிற) ஊழியர் விதிகளின்படி, ஒரே முதலாளியிட்ட தொடர்ந்து நாலு வருஷம் நிலைக்கால ஒப்பந்தத்தில இருந்தால் அது நிரந்தர ஒப்பந்தமாகும், முதலாளி நியாயமான காரணம் காட்டாட்டில். ஆனா குறைஞ்சது ஒருக்காவது புதுப்பிச்சிருக்க வேணும், இல்லாட்டில் அதுக்கு முதல் இன்னொரு நிலைக்கால ஒப்பந்தம் இருந்திருக்க வேணும். புதுப்பிக்காத ஒற்றை அஞ்சு வருஷ ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது. பல்கலைக்கழகம் மாறினால் எண்ணிக்கை பூச்சியத்தில இருந்து. ரெண்டு ஒப்பந்தத்துக்கு இடையில முழு வாரம் ஒண்டு விடுபட்டாலே தொடர்ச்சி அறுபடக்கூடும், அதால "ரெண்டு கிழமை கழிச்சுப் புது ஒப்பந்தம் தாறம்" எண்டால் உடனே தொழிற்சங்கத்தைக் கேளுங்கோ. நிரந்தரமாயிட்டன் எண்டு எழுதிக் கேட்டால் 21 நாளுக்குள்ள எழுத்தில பதில் தர வேணும். நிரந்தரம் எண்டாலும் நிதி முடிஞ்சால் ஆட்குறைப்பு வரும், அதையும் விளங்கிக்கொள்ளுங்கோ.

ரெண்டு. நிலைக்கால ஒப்பந்தம் புதுப்பிக்காமல் முடியிறது சட்டப்படி பணிநீக்கம்தான். ரெண்டு வருஷம் முடிச்சிருந்து காரணம் ஆட்குறைப்பு எண்டால் சட்டப்படி இழப்பீடு உண்டு. 22 இலிருந்து 40 வயது வரைக்கும் முழு வருஷத்துக்கு ஒரு கிழமைச் சம்பளம், 41 இலிருந்து ஒண்டரைக் கிழமை, கிழமைச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கு. அறிவிப்புக் காலத்தில வேலை தேடவும் பயிற்சிக்கும் நியாயமான நேரம் கேக்கலாம். அதுக்குச் சம்பளம் மொத்தமா ஒரு கிழமைச் சம்பளத்தில ஐஞ்சில ரெண்டு பங்குக்கு மேல கட்டாயமில்லை.

மூண்டு. மறுபணியமர்த்தல் பட்டியல். முடியிறதுக்குக் கிட்டத்தட்ட மூண்டு மாதத்துக்கு முன்னம் பேரைச் சேர்ப்பினம், இடத்துக்கிடம் மாறும். அதில பேர் இருந்தால் உள் வேலைகளுக்கு வெளியாக்களுக்கு முன்னம் உங்களைப் பரிசீலிக்க வேணும். தானா நடக்கும் எண்டு இருக்காதேங்கோ, மனிதவளப் பிரிவுக்கு நீங்களே எழுதுங்கோ.

ஓடைக்கரை

விசாவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாளி ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் "வேலை போனால் 60 நாள் இருக்கலாம்" என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது வேலை இடையில் நின்றால். பல்கலைக்கழகம் 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆபீஸுக்கு (உள்துறைக்கு) தெரிவிக்கும், பிறகு விசாவைக் குறைத்துக் கடிதம் வரும், அதில் வழக்கமாக 60 நாள். விசாவில் மிச்சம் அதைவிடக் குறைவு என்றால் அந்த மிச்சம்தான்.

ஒப்பந்தம் திட்டமிட்ட தேதியில் முடிந்தால் கதை வேறு. ஸ்பான்சர்ஷிப் சான்றில் உள்ள முடிவுத் தேதிக்குப் பிறகு 14 நாள் வரைதான் விசா கொடுத்திருப்பார்கள். 60 நாள் என்று எண்ணி வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இன்றைக்கே இவிசா கணக்கில் நுழைந்து முடிவுத் தேதியைப் பாருங்கள்.

குளோபல் டேலண்ட் விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டதில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிதியாளரின் மானியத்தில் உங்கள் பெயரோ பதவியோ இருந்தால் அதற்கான வழி திறந்திருக்கலாம். மானியம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்க வேண்டிய விஷயம் இது, முடிந்தபின் கேட்டுப் பயனில்லை. ஆய்வு அலுவலகம் கடிதம் தர வேண்டியிருக்கும், அதற்கே சில வாரம் ஆகும்.

நெய்தல்

அப்படியென்றால் 24 மாத ஒப்பந்தத்தில் எந்த மாதத்தில் எதைச் செய்வது? யாராவது வரிசைப்படுத்த முடியுமா?

தாமரை_விரிவுரை

24 மாதத்துக்கு மொத்தம் 20 நாள். என் கணக்கு இது, மற்றவர்கள் மாற்றிச் சொல்லலாம்.

முதல் மூன்று மாதத்தில் இரண்டு நாள்: கான்கார்டாட் பக்கம், ஃபெலோஷிப் கடிகாரம், விசாத் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பிஐயோடு முதல் பேச்சு. கற்பிக்கும் எண்ணம் இருந்தால் அப்போதே டெமான்ஸ்ட்ரேட்டராக (செய்முறை வகுப்பு உதவியாளராக) பெயர் கொடுப்பது. நான்காம் மாதத்திலிருந்து பன்னிரண்டு வரை எட்டு நாள்: ஏஎஃப்ஹெச்ஈஏ அல்லது ஒரு தொழில்நுட்பத் திறன், இரண்டில் ஒன்று மட்டும். இரண்டையும் தொட்டால் இரண்டும் பாதியில் நிற்கும். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வரை ஏழு நாள் முழுக்க விண்ணப்பம் எழுத. ஃபெலோஷிப்பின் உள் தேர்வு முன்னாலேயே வந்தால் இந்த ஏழு நாளையும் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மூன்று நாள் மாதிரி நேர்காணலுக்கும் சிவிக்கும். பதினெட்டாம் மாதம் "நீட்டிப்புக்கு நிதி இருக்கிறதா" என்று பிஐயிடம் எழுத்தில் கேளுங்கள். "பார்க்கலாம்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொண்டு வேலை தேடத் தொடங்குங்கள்.

மருதன்_க்யூ

தாமரை அக்கா கணக்கில் ஒரே மாற்றம் சொல்வேன். மாதிரி நேர்காணலைக் கடைசிக்கு வைக்காமல், விண்ணப்பம் எழுதும் ஏழு நாளுக்குள்ளேயே ஒன்று வையுங்கள். வேறு துறைக்காரர் இருவரை உட்கார வைத்து முன்வரைவைப் பத்து நிமிடத்தில் வாயால் சொல்லுங்கள். அவர்கள் எங்கே குறுக்கிட்டு "ஏன்" என்று கேட்கிறார்களோ, வரைவில் ஓட்டை பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான் இருக்கும். எழுதி முடித்தபின் தெரிந்தால் திருத்த நேரம் இருக்காது.

பனங்காடு

நெய்தல், ஒண்டு விட்டுப்போச்சு. பல்கலைக்கழக ஊழியர்களின்ர யூசியூ தொழிற்சங்கத்தில இப்பவே சேருங்கோ. பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்த வழக்குக்கு உதவி செய்யிறதில கட்டுப்பாடு இருக்கும். ஆட்குறைப்புக் கடிதம் வந்தால் அதில ரெண்டு விஷயத்தைச் சரிபாருங்கோ: தொடர்ச்சியான பணி தொடங்கின தேதி சரியா, மறுபணியமர்த்தல் பற்றி ஏதும் எழுதியிருக்கோ. கனபேருக்கு முதலாவது ஒப்பந்தத்தின்ர தேதியை விட்டிட்டு ரெண்டாவதின்ர தேதியைப் போட்டிருப்பினம். அப்பிடி இருந்தால் பழைய ஒப்பந்தத்தையும் முதல் மாதச் சம்பளச் சீட்டையும் இணைச்சு, கடிதத்தில குறிப்பிட்டிருக்கிற மேல்முறையீட்டுத் தேதிக்குள்ள பதில் போடுங்கோ.